குருக் பேசும் திருப்பூர்

தன்பாத்திலிருந்து ஆலப்புழை வரை ஓடும் 13351 எண் விரைவு ரயில், திராவிட மொழியியல் பாடத்திட்டம் ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் விரித்துப் போட்டது போன்றது. ராஞ்சியைச் சுற்றிக் குருக் பேசும் ஊர்கள். ஒடிசாவின் ராயகடா பக்கம் வந்தால் குயியும் குவியும். பிறகு ஆந்திரம் முழுக்கத் தெலுங்கு. தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் தமிழ். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் மலையாளம். அந்த ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வருகிறவர்களில் ஒரு பெருங்கூட்டம் கடைசி நிறுத்தம் வரை போவதில்லை. திருப்பூரிலேயே மூட்டையோடு இறங்கிவிடுகிறது.

இறங்குகிறவர்களை ஊர் ஒரே பெயரில் அழைக்கிறது: இந்திக்காரர்கள். கோபம் வந்தால் அதைவிட மோசமான ஒரு பெயரும் உண்டு. பிகார், உத்தரப் பிரதேசத்துக்காரர்களுக்கு அந்த முதல் பெயர் ஓரளவு பொருந்தலாம். ஜார்க்கண்டின் ஒராவோன், முண்டா, சந்தால் பிள்ளைகளுக்கும் ஒடிசாவில் குயியும் குவியும் பேசும் கந்த மக்களுக்கும் அது பொருந்தாது. இவர்களுக்கு இந்தி பள்ளிக்கூடத்தில் படித்த மொழி, அல்லது வேலைக்கு வந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட மொழி. வீட்டில் பேசியது வேறு.

அந்த வேறு மொழிகளில் சில, தமிழுக்கு இந்தியைவிட மிக நெருங்கிய உறவு. ராபர்ட் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பை 1875இல் வெளியிட்டபோது திராவிட மொழிகள் என்று பன்னிரண்டைக் கணக்கிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் பண்பட்டவை. தோடா, கோத்தா, கோண்டு, கூ, ஒராவோன், ராஜ்மகால் ஆகிய ஆறும் பண்படாதவை என்பது அவர் பிரிப்பு. அந்தப் பிரிப்பை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் பட்டியல் சரி. அவர் ஒராவோன் என்று எழுதியது இன்றைய குருக். கூ என்றது குயி. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி குருக் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். குயி பேசுவோர் 9 லட்சத்துக்கு மேல். குருக்கில் பல்லுக்குப் 'பல்', மூன்றுக்கு 'மூந்த்', நீ என்பதற்கு 'நீன்'. கண்ணும் கண்தான், முதல் ககரம் மட்டும் தொண்டையில் உரசிக்கொண்டு வரும்.

இவர்கள் திருப்பூருக்கு வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு நகரத்தின் வழியே போகிறது. கொங்கு நாட்டு ஆட்கள் மட்டும் அதற்குப் போதாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. 2014இல் ஒன்றிய அரசு தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமத் திறன் திட்டத்தில் நிதியில் பாதியைப் பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்க வேண்டும், பயனடைவோரில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. ராஞ்சியிலும் தும்காவிலும் புவனேசுவரத்திலும் தையல் பயிற்சி முடித்த பெண்கள் நேராகத் திருப்பூர், கோவை ஆலை விடுதிகளுக்கு வந்து சேர்வது இப்படித்தான். திட்டம் அவர்களுக்குப் பவர் மெஷின் கற்றுத் தந்தது. கொஞ்சம் கணினி, கொஞ்சம் ஆங்கிலம்கூடக் கற்றுத் தந்தது. போகும் ஊரின் மொழியைக் கற்றுத் தருவது பற்றி யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

மொழி தெரியாமல் கம்பெனி எப்படி ஓடுகிறது? ஓடத்தான் செய்கிறது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங், பீஸ் ரேட், டேமேஜ் என்று தொழிலின் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம், தமிழ் வாயில் உருண்டு திரண்ட ஆங்கிலம். புதிதாக வந்தவர் இந்தச் சொற்களைச் சில வாரங்களில் பிடித்துக்கொள்கிறார். சூப்பர்வைசரின் அரைகுறை இந்தியும் கையசைவும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம் என்பதெல்லாம் எந்த மொழிக்காரருக்கும் விளங்கிவிடும். சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது: சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று கேட்க வேண்டியபோது, இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வயிற்றில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சொல்ல வேண்டியபோது, சாயப்பட்டறையில் ரசாயனப் பீப்பாயின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியபோது, விடுதியில் ஒருவன் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார் கொடுக்க வேண்டியபோது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்குள்ள தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. நல்ல விதிதான். ஆனால் குருக் பேசும் பெண் எந்த ஆலையிலும் பெரும்பான்மை ஆகப்போவதில்லை. ஆகவே தமிழுக்குப் பக்கத்தில் ஒரு இந்திப் பலகை வந்தது. சில இடங்களில் ஒடியாவும் வந்தது. அத்தோடு மொழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இந்தித் திணிப்பை எதிர்த்து 1938இலும் 1965இலும் போராடிய மாநிலம் இது. அதே மாநிலத்தின் பனியன் கம்பெனிகள், வீட்டில் இந்தி பேசாத பழங்குடிப் பிள்ளைகளை இந்திக்குள் தள்ளும் பள்ளிக்கூடங்களாக மாறியிருக்கின்றன. இதை முரண் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. யாருடைய வேலையாக இதைக் கவனிப்பது என்பதே கேள்வி.

பயன்பாட்டு மொழியியல் என்ற துறையின் வேலை அது. மொழி, மனிதருக்குச் சிக்கலாக வந்து நிற்கும் இடங்களில் மொழியியலைக் கொண்டுபோய்ப் பயன்படுத்துவது: மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு, பாடநூல் ஆக்கம், பேச்சுக் குறைபாடு, நீதிமன்றமும் மருத்துவமனையும் பேசும் மொழி. எடின்பரோ பல்கலைக்கழகம் 1957இல் இதற்கென்று தனிப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் லாடோ வெளியிட்ட ஒரு நூல், மாணவரின் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்த்தால் எது எளிதாக வரும், எது தடுக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்றது. பிற்காலத்தில் அந்தக் கருத்து நிறைய அடி வாங்கியது. ஆனாலும் திருப்பூரில் அதை வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான உண்மை தட்டுப்படுகிறது.

தமிழ் கற்க வரும் இந்திக்காரரைப் படாதபாடு படுத்துவது 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு. இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். குருக் பேசுகிறவருக்கோ இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல்லும், அவரை விலக்கி வைக்கும் சொல்லும் அவர் மொழியில் தனித்தனியே உண்டு. சேர்த்துக்கொள்ளும் சொல்லே அங்கும் 'நாம்'தான். திராவிடக் குடும்பத்தைச் சேராத சந்தாலி, முண்டாரி, ஹோ மொழிகளிலும் இந்த வேறுபாடு இருக்கிறது. போதாக்குறைக்கு இருவரைக் குறிக்கத் தனி வடிவமும் இருக்கிறது. ஆக, இவர்களுக்கு இந்தி வழியாகத் தமிழ் கற்பிப்பது என்பது, தெரிந்ததை மறக்கச் செய்துவிட்டுத் திரும்பக் கற்பிக்கிற வேலை. ஒரு சூப்பர்வைசருக்கு இது தெரிய வேண்டியதில்லை. பாடநூல் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் தமிழைக் கற்பிப்பது என்பது அடுத்த வழக்கு. எழுத்துத் தமிழில் 'வாருங்கள்' என்று படித்துவிட்டுக் கம்பெனிக்குள் நுழைகிறவருக்கு 'வாங்க'கூடப் பழகிவிடும். 'ஏனுங்க', 'சரீங்', 'அப்பிடீங்களா' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் தொற்றிக்கொண்டு வரும் கொங்கு மரியாதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பேச்சுத் தமிழுக்கு முறையான பாடநூல் வேண்டும் என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்த மு. சண்முகம் பிள்ளை 1960களிலேயே உணர்ந்து எழுதினார். அது பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண்ணும் தமிழ் கற்கும் மாணவிதான் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்?

சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களில் பூனா தக்காணக் கல்லூரியில் ராக்பெல்லர் நிதியுதவியோடு நடந்த கோடைக்கால மொழியியல் பள்ளிகளில் இந்தியாவின் முதல் தலைமுறை மொழியியலாளர்கள் உருவானார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெ. பொ. மீனாட்சிசுந்தரம் சிதம்பரத்தில் மொழியியலுக்கு அடித்தளம் போட்டார், ச. அகத்தியலிங்கம் காலத்தில் அது விரிந்தது. கொல்லிமலைத் தமிழைப் பற்றி கி. கருணாகரன் எழுதினார், நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி ஓர் இந்தோ ஆரிய மொழி என்று விவரித்து கோ. சீனிவாச வர்மா 1970இல் நூல் வெளியிட்டார், ச. சக்திவேலின் தோடா ஒலியியலும் இலக்கணமும் 1976, 1977இல் வந்தன. மலையேறி, மாதக்கணக்கில் தங்கி, ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிச் சுமந்து செய்த வேலை அது. இன்று தமிழ்நாட்டுப் பழங்குடி மொழிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தத் தலைமுறை தந்தது.

அதில் ஒரு குறையும் இருந்தது. நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. தோடர் ஊரான மந்திலோ கோத்தர் ஊரான கோக்காலிலோ அவற்றைப் படிக்க ஆள் இல்லை. மொழியைச் சொல்லிக் கொடுத்தவருக்கு முன்னுரையில் 'தகவலாளி' என்று ஒரு வரி கிடைத்தது. இது அண்ணாமலையின் குறை மட்டும் இல்லை, துறையின் பிறவிக் குணம். 1935 முதல் மூன்றாண்டுகள் இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்த மரே எமெனோ 1944–46இல் நான்கு பாகங்களாக வெளியிட்ட கோத்தா கதைகள், சுள்ளி என்ற ஒரே கோத்தர் சொல்லக் கேட்டு எழுதியவை. சுள்ளி ஆங்கிலம் அறிந்தவர், அபாரமான கதைசொல்லி. எமெனோ பெர்க்கிலியில் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றார். தம் நன்றியையும் மறைக்கவில்லை. ஆனால் சுள்ளியை எந்தப் பல்கலைக்கழகமும் கோத்தா கற்பிக்க அழைக்கவில்லை.

அழைத்தால் என்ன ஆகும் என்பதை ராஞ்சி காட்டியது. மானிடவியல் அறிஞரும் ஆட்சிப் பணியாளருமான குமார் சுரேஷ் சிங் ராஞ்சி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தபோது, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த ராம் தயாள் முண்டாவை ஊருக்கு வரவழைத்தார். சிகாகோவில் நார்மன் சைடிடம் மொழியியல் படித்தவர் முண்டா. முண்டாரி அவர் தாய்மொழி. 1980களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய பழங்குடி, வட்டார மொழிகள் துறையில் முண்டாரி, சந்தாலி, ஹோ, கடியா, குருக் ஆகிய ஐந்து பழங்குடி மொழிகளும், நாக்புரி, பஞ்சபர்கனியா, குர்மாலி, கோர்டா ஆகிய நான்கு வட்டார மொழிகளும் முதுகலைப் பாடங்கள் ஆயின. துறை வளாகத்திலேயே ஊரின் ஆடுகளமான 'அக்டா' ஒன்றையும் அமைத்தார் முண்டா. மத்தளம் அடிப்பதும் பாடத்திட்டமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பின்னாளில் அவரே அந்தப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். 2010இல் பத்மஸ்ரீ பெற்றார், மறுஆண்டு காலமானார். தனி மாநிலம் கிடைத்த பின், ஜார்க்கண்ட் 2011இல் இந்த மொழிகளை இரண்டாம் ஆட்சி மொழிகளில் சேர்த்தது. துறையில் பற்றாக்குறைகள் உண்டுதான். ஆனால் தாய்மொழியில் பட்டம் பெற்று, அந்த மொழிக்கே ஆசிரியராகப் போகிற வழி ஒன்று அங்கே திறந்தது.

அமெரிக்காவில் இதே வழியைத் திறந்தவர்களில் ஒருவர் மொழியியலாளர் கென் ஹேல். பழங்குடி மொழிகளை அந்தந்த மக்களே ஆராய வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவரால் ஊக்கம் பெற்ற ஒஃபீலியா செபேடா தம் தாய்மொழியான ஓதாமுக்கு 1983இல் இலக்கணம் எழுதினார். அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1999இல் மெக்கார்தர் நல்கை பெற்றார்.

தாய்மொழிக்காரரே மொழியியலாளர் ஆனால் வெளியாளைவிடக் கூடுதலாகக் காண்பார் என்பதற்குக் குருக்கிலேயே சான்று இருக்கிறது. மைசூரில் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சிஸ் எக்கா 1972இல் எழுதிய கட்டுரை, குருக் பெண்கள் பெண்களோடு பேசும்போது வினைமுற்று விகுதிகள் மாறுகின்றன என்று காட்டியது. ஆண்களோடு பேசும்போது அந்த வடிவங்கள் வருவதில்லை. மிஷினரிமார் எழுதிய பழைய இலக்கணங்களைவிட இந்த ஒரு கட்டுரை அந்த மொழியின் உள்வீட்டைக் கூடுதலாகத் திறந்து காட்டியது. திருப்பூரின் பெண்கள் விடுதிகளை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் நுழையாத அந்த அறைகளில் குருக்கின் பெண்மொழி புழங்க வாய்ப்பு இருக்கிறது. மாலை ஷிப்ட் முடிந்து வந்து பேசும் அந்தப் பேச்சை ஆராய ஒரு மாணவி ராஞ்சி வரை போக வேண்டியதில்லை.

வெளியூர் மொழிகள் இருக்கட்டும். திருப்பூர் மாவட்டத்துக்கே சொந்தமான தொல்குடி மொழிகள் இருக்கின்றன. 2009 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோது உடுமலைப்பேட்டை வட்டத்தோடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதியும் வந்தது. தளிஞ்சி, மஞ்சம்பட்டி, குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு, கோடந்தூர் போன்ற குடியிருப்புகளில் முதுவரும் மலைப்புலையரும் வாழ்கிறார்கள். ஏற்றுமதி நகரத்தின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில், நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் ஊர்களும் இருப்பது பலருக்குத் தெரியாது. முதுவர் பேச்சு தமிழுக்கும் மலையாளத்துக்கும் அருகே நிற்பது. தனி மொழியா, தமிழின் கிளையா என்ற விவாதம் இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்படி விவாதித்துக்கொண்டிருப்பதில்லை: இருளர் மொழியைத் தமிழுக்குக் கீழேயும், படகர் மொழியைக் கன்னடத்துக்குக் கீழேயும் அடுக்கிவிட்டது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழி அதில் தனித்தலைப்பே பெறாது. ஆனால் முதல் வகுப்பில் உட்காரும் முதுவக் குழந்தைக்கு இந்த விவாதத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஆசிரியர் பேசுவது புரிகிறதா இல்லையா என்பதே அதன் கவலை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் இதில் சில அடிகள் முன்னே போயிருக்கிறது. 2017இல் வயநாட்டில் 'கோத்ரபந்து' திட்டத்தின் கீழ் 200க்கும் மேற்பட்ட பழங்குடி இளைஞர்கள் தொடக்கப் பள்ளிகளில் மொழித்துணை ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். அதே ஆண்டு எர்ணாகுளம் மாவட்டம் புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக 'ரோஷ்னி'யைத் தொடங்கியது. குழந்தைக்குத் தெரிந்த மொழியில் தொடங்கி மெல்ல மலையாளத்துக்குக் கொண்டுபோகும் முறை. சின்னாறு தாண்டி மறையூரில் அசோகன் மறையூர் முதுவர் மொழியிலும் கவிதை எழுதுகிறார். உடுமலையிலிருந்து பேருந்தில் சென்று சேரும் தூரம்தான். ஒடிசா 2007 வாக்கிலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, பின் இருபதுக்கு மேல் விரித்தது. அந்தப் பத்தில் குயியும் குவியும் ஒராவோனும் உண்டு. அதாவது, திருப்பூர்த் தொழிலாளியின் குழந்தை ஊரில் இருந்திருந்தால் ஒருவேளை தன் மொழியில் படித்திருக்கும்.

தமிழ்நாட்டிலும் அசைவுகள் இல்லாமல் இல்லை. வெளிமாநிலக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் பள்ளிக் கல்வித் துறை 'தமிழ் மொழி கற்போம்' என்று ஒரு முயற்சியைத் தொடங்கியிருக்கிறது. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால் ஆவணம் என்பது 1970களிலேயே நாம் நன்றாகச் செய்த வேலை. செய்யாமல் விட்டது, பேசுகிறவரை வகுப்பறையில் ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைப்பது.

மொழி தெரிந்த ஆள் இல்லாததன் விலை என்ன என்பதை 2023 மார்ச்சில் திருப்பூர் நேரில் கண்டது. பிகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவின. ஊருக்குக் கிளம்பியவர்கள் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். பிகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துச் சென்றது. காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் இந்தி தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து உதவி எண்களில் உட்கார வைத்தன. சமாளித்துவிட்டார்கள், உண்மை. ஆனால் வதந்தி பயணம் செய்த வேகத்தில் மறுப்பு பயணம் செய்ய முடியவில்லை.

திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி, உடுமலை அரசு கலைக் கல்லூரி மூன்றும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அந்தப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. அதன் எல்லைக்குள்தான் நீலகிரியும் ஆனைமலையும் பனியன் கம்பெனிகளும் இருக்கின்றன; பயன்பாட்டு மொழியியலுக்கும் தொல்குடி மொழிகளுக்கும் இப்படி ஒரே வளைவுக்குள் களம் அமைந்த பல்கலைக்கழகம் நாட்டில் அதிகம் இருக்காது. பட்டம் இல்லாதவரை எப்படி ஆசிரியராக்குவது என்று யாரும் கைவிரிக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள், துறை அனுபவம் உள்ளவர்களை முறையான கல்வித் தகுதி இல்லாமலேயே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காடு வரை பேராசிரியராக அமர்த்த இடம் தருகின்றன. கதைசொல்லியும் பாட்டுக்காரரும் அந்த விதிக்குள் வருவார்களா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். முதுகலை மாணவர்களுக்கு ஒரு பருவம், ஒரு விருப்பப் பாடம்: குருக் அல்லது முதுவர் மொழி. வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, ஏனென்றால் கம்பெனிக்கு அன்றுதான் விடுமுறை. கற்பிக்க வரும் தொழிலாளிக்கு விருந்தினர் விரிவுரையாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம். தேர்வுக்குப் பதிலாக மாணவர்கள் ஒரு சம்பளச் சீட்டையும், ஒரு சாயப்பட்டறை எச்சரிக்கைப் பலகையையும், ஒரு மருத்துவமனைக் கேள்வித்தாளையும் அந்த மொழியில் ஆக்கித் தரட்டும். ஏற்றுமதியாளர்கள் பலகை அடிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளட்டும். பாரதியார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.